எழுவாய்

கிரிம்ஸ்பியில் மீன்வாடை
நீதிமன்றப் படியும் ஏறி வரும்.
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
மரண விசாரணை அறையில்
டோரீன் ஸ்கெல்டன் ஏழு பென்சில்களைச்
சீவி வைத்துக் காத்திருக்கிறாள்.

வாய் சொல்வதைச் சுருக்கெழுத்தில் பிடிப்பாள்.
மாலையில் தட்டச்சு செய்கையில்
பிடித்ததைக் கொஞ்சம் குளிப்பாட்டுவாள்.
சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

இந்தத் துறைமுகத்து இங்கிலீஷில்
வினைச்சொல் எழுவாயின் பேச்சைக் கேட்பதில்லை.
"பசங்க எங்கே இருக்கிறான்?" என்பார்கள் ஏலக்கூடத்தில்.
"அவன் டீ குடிக்க மாட்டார்கள்" என்பார்கள்.
அதனால் எந்த டீயும் ஆறியதில்லை.
டோரீனும் அப்படிப் பேசி வளர்ந்தவள்தான்,
மிஸ் ஹார்ஸ்லியின் அடிக்கோல்
ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என
விரல்முட்டியில் இறங்கும்வரை.

முதல் சாட்சி, பெரில் தாரட்.
"வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறான், ஐயா.
எங்கள் கீத், அவன் நீந்த மாட்டார்கள்.
பூட்ஸ் வேறு புதுசு."

அதிகாரிக்குக் கேம்பிரிட்ஜ் தொண்டை.
தாளை உயர்த்திப் பிடித்துச் சொன்னார்:
"இறந்தவர்களின் பட்டியல்
என்னிடம் இருக்கிறார்கள்."
யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே தெரியவில்லை.
பதினொரு பெயரையும் வாசித்து முடித்தபோது
பட்டியல், உண்மையாகவே,
அவர் கையில் இருந்தார்கள்.

பிறகு ராய் மம்பி.
'லின்னட்' இழுவைக் கப்பலின்
பன்னிரண்டு பேரில் மிஞ்சியவன்.
இரவல் கோட்டு. இரண்டு விரல்களில் கட்டு.
உட்காரச் சொன்னார்கள், நின்றான்.

"நாங்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் நாங்கள் பனியைக் கோடரியால் கொத்தினேன்,
கயிறு, கம்பம் எல்லாம் பனி, கப்பல் தலைகனத்துச் சாய
நாங்கள் மிதவையில் ஏறினேன்.
தூங்கிவிடக் கூடாதென்று
நாங்கள் பாடிக்கொண்டே இருந்தேன்.
விடியும்போது நாங்கள்..."

தண்ணீர் கேட்டான். குடிக்கவில்லை.

"விடியும்போது நாங்கள் இருந்தேன்."

மாலை. ஒற்றைக் கம்பி மின்அடுப்பு.
மூன்று படிகள், நடுவே கரித்தாள்.
பெரிலின் பிள்ளைகளை 'இருக்கிறார்கள்' ஆக்கினாள்.
அதிகாரியின் பட்டியலை
சத்தமில்லாமல் அஃறிணையில் இறக்கிவைத்தாள்.
கீத்தை ஒருமைக்குக் கொண்டுவந்தாள்:
'நீந்த மாட்டான்.'
காலத்தைத் தொடவில்லை.
அதைத் திருத்த மிஸ் ஹார்ஸ்லி சொல்லித்தரவில்லை.

மம்பியின் பக்கம்.
'நாங்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தோம்'
என்று அடித்தாள். படித்துப் பார்த்தாள்.
பதினொரு பேரும் எழுந்து
கயிற்றைப் பிடித்தார்கள்.
'ஏறினோம்.' எல்லோரும் ஏறினார்கள்.
'பாடிக்கொண்டே இருந்தோம்.' யாரோ ஒருவன் சுருதி தப்பினான்.
'விடியும்போது நாங்கள் இருந்தோம்.'

பொய்ச்சாட்சி.
சொன்னவன் அவனல்ல, அவள்.

தாளை உருவினாள், கரித்தாள் விரலில் ஒட்டியது.
எழுவாய், எழுவாய் என்று
எத்தனை பேரைத்தான் எழுப்ப முடியும்?
பயனிலை.
ஒருவன் குளிருக்குள் நின்றுகொண்டு
பன்னிரண்டு பேருக்காகப் பேசினால்
வினைச்சொல் அவன் ஒருவனைத்தான் நம்பும்.

மறுபடி அடித்தாள். அவன் சொன்னது சொன்னபடி.

வீடு சேர ஒன்பதரை.
"நானும் நாயும் சாப்பிடாமல் காத்திருந்தேன்"
என்றான் கிளெம், கதவைத் திறந்தபடி.
நாய் சாப்பிட்டிருந்தது, மீசையிலேயே தெரிந்தது.
அவள் எதையும் திருத்தவில்லை.

வியாழனன்று கோப்பு திரும்பி வந்தது.
ஐந்து 'தேன்', ஒரு 'னேன்',
தலைமை எழுத்தர் வட்டமிட்ட சிவப்பு,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, பெரிதாக.

அதன் பக்கத்தில்
பென்சிலால் அல்ல, மையால்,
சின்னதாக எழுதினாள்:
சரி பார்க்கப்பட்டது.